மட்டக்களப்பில் போதைப்பொருள் கொள்கை ஆய்வை மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

வந்தாறுமூலையில் சமூகவியல் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இறுதி ஆண்டு மாணவர்கள் சிலர் போதைப்பொருள் தொடர்பாக ஆய்வேடு எழுத விரும்புகிறார்கள். அவர்களுக்கு ஓர் அரையாண்டுப் பயிற்சியை வகுக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, பாவனையாளர்களை நேர்காண அனுமதிக்கலாமா, வெளியிலிருந்து யாரை அழைப்பது, எதை வைத்துப் புள்ளியிடுவது என்று கேட்கிறார். ஒலுவிலில் கற்பிப்பவர்களுக்கும் இதே ஐயங்கள் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நமது பகுதியில் இந்தத் தலைப்பில் வழக்கமாக எழுதப்படும் ஆய்வேட்டின் வடிவம் உங்களுக்குத் தெரியும். ஒரு பிரதேச செயலாளர் பிரிவு தெரிவுசெய்யப்படும். நூறு வினாக்கொத்துகள் வழங்கப்படும். நண்பர் வட்டம், வேலையின்மை, பெற்றோரின் கவனக்குறைவு என்று காரணங்கள் சதவீதத்தில் வரிசைப்படுத்தப்படும். இறுதி அத்தியாயம் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் அதிகரிக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைக்கும். அந்தப் பிரிவுக்குப் போகாமலே எழுதியிருக்கக்கூடிய முடிவுகள் இவை. இதைவிடப் பெரிய குறை, இதில் கொள்கை எங்குமே ஆராயப்படுவதில்லை என்பதுதான். பாவிக்கும் இளைஞன் ஏன் பாவிக்கிறான் என்று கேட்கும் மாணவர், அவன் பிடிபட்டால் அவனை நீதிமன்றத்துக்கு அனுப்புவதா, சிகிச்சைக்கு அனுப்புவதா என்று யார், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தச் செலவில் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு நிபந்தனையை வகுத்துவிடுங்கள்: ஒவ்வொரு ஆய்வு வினாவும் யாரோ ஒரு பதவியாளர் எடுத்த, அல்லது எடுக்காமல் விட்ட, ஒரு தீர்மானத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். அது ஒரு சட்டத்திருத்தமாகவோ, மதுபான உரிமப் பத்திரமாகவோ, வைத்தியசாலையில் கட்டில் ஒதுக்கீடாகவோ, பொலிஸ் நடவடிக்கையாகவோ இருக்கலாம். இந்த நிபந்தனை ஒன்றே பாதிப் பயிற்சி என்பது என் கருத்து.

அடுத்தது சட்டத்தை வாசிப்பது. சமூகவியல், பொருளியல் மாணவர்கள் சட்டப் பிரிவுகளைச் சட்டத்தரணிகளுக்கு உரியவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். போதைப்பொருள் கொள்கையில் அப்படி ஒதுக்க முடியாது, ஏனெனில் இங்கே கொள்கையின் பெரும்பகுதி எடையாகவும் தண்டனையாகவும் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அடிப்படைச் சட்டம் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம். 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தம் 2 கிராமும் அதற்கு மேற்பட்டதுமான ஹெரோயினைக் கடத்துவதற்கு மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறைத்தண்டனையை விதித்தது. அதே ஆண்டில் 11 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளில் தங்கியிருப்போருக்கான, அதாவது அதற்கு அடிமையானவர்களுக்கான, சிகிச்சையையும் புனர்வாழ்வையும் பற்றியது. தானாக முன்வருவோருக்கும், நீதவானின் கட்டளைப்படி கட்டாயமாக அனுப்பப்படுவோருக்கும் அது வழிவகுக்கிறது. ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெட்டமின் பரவிய பின்னர், 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தம் அதனையும் 5 கிராம் என்ற அளவோடு மரண தண்டனைக்குரிய பட்டியலில் சேர்த்தது. 1976 இற்குப் பின்னர் இந்த நாட்டில் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2019 இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வருக்கு அதனை நிறைவேற்ற அப்போதைய ஜனாதிபதி எடுத்த முயற்சி உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் நின்றது. இவற்றை ஒரே காலக்கோட்டில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட நியாயங்களைப் பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட்டில் தேடி வாசிக்கச் சொல்லுங்கள். நிறைவேற்றப்படாத தண்டனை ஒன்று தொடர்ந்து விரிவாக்கப்படுவது ஏன் என்ற வினா அங்கிருந்து தானாகவே எழும். அது எந்த வினாக்கொத்தையும் விடக் கனமான வினா.

நமது மாகாணத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று 2023 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம். அதன் முதல் வரைவு போதைப்பொருளில் தங்கியிருப்போருடன் முன்னாள் போராளிகளையும், வன்முறைத் தீவிரவாதக் குழுக்களின் உறுப்பினர்களையும், ‘வேறு எவரேனும் ஆட்கள் குழுவையும்’ ஒரே பணியகத்தின் கீழ் கொண்டுவர முனைந்தது. 2022 இல் உயர் நீதிமன்றம் அந்த வரைவு அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்த பின்னரே அது சுருக்கப்பட்டு நிறைவேறியது. மட்டக்களப்பு மாணவருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. வெலிக்கந்தைப் பகுதியில் உள்ள கந்தகாடு, சேனபுர புனர்வாழ்வு நிலையங்கள் நமது மாவட்ட எல்லைக்கு அப்பால் சிறிது தூரத்தில் இருப்பவை. கந்தகாட்டில் போருக்குப் பின்னர் புனர்வாழ்வு பெற்றவர்களின் உறவினர்கள் நமது வகுப்பறைகளிலேயே இருக்கக்கூடும். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். வரைவையும், உயர் நீதிமன்றத் தீர்மானத்தையும், நிறைவேறிய சட்டத்தையும் அருகருகே வைத்து எது நீங்கியது, எது எஞ்சியது என்று குறிக்கும் பயிற்சிக்கு இரண்டு வகுப்புகளை ஒதுக்குங்கள். கொள்கை ஆவணத்தை வாசிப்பது என்றால் என்னவென்று விளக்கும் விரிவுரைகள் அதற்குப் பிறகு பெரும்பாலும் தேவைப்படாது.

வெளிநாட்டு அனுபவங்களுக்கு ஒரு வாரம் போதும். 1961, 1971, 1988 ஆம் ஆண்டுகளின் மூன்று ஐக்கிய நாடுகள் சமவாயங்கள் எந்த எல்லைக்குள் நாடுகளை நிறுத்துகின்றன என்பதைச் சொல்லிவிட்டு, போர்த்துக்கல் 2001 இல் சொந்தப் பாவனைக்கான உடைமையைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்து நிர்வாக நடைமுறைக்குள் கொண்டுவந்ததையும், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2020 இல் வாக்கெடுப்பால் அவ்வாறே செய்து 2024 இல் பின்வாங்கியதையும் ஒப்பிடச் செய்யுங்கள். போர்த்துக்கல் சட்டத்தை மாற்றிய அதே காலத்தில் சிகிச்சை வசதிகளையும் விரிவாக்கியது என்பதால், கிடைத்த பலனில் எவ்வளவு சட்டத்தால் வந்தது, எவ்வளவு சிகிச்சையால் வந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இதை மாணவர் உணர்ந்தால் போதும். ‘போர்த்துக்கல் மாதிரியை இலங்கை பின்பற்ற வேண்டும்’ என்று முடியும் கட்டுரைகளின் தொகை குறையும்.

இனி எண்களுக்கு வருவோம். பயிற்சியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை கைதுகள், கைப்பற்றல்கள், சிகிச்சைக்கு வந்தோர் பற்றிய தரவுகளைத் தொகுத்து வெளியிடுகிறது. கைதுகளின் எண்ணிக்கை கூடினால் பாவனை கூடிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. மாணவரும் அப்படியே எழுதுகிறார். கைது என்பது முதலில் பொலிஸாரின் செயலை அளப்பது, அதன் பின்னரே பாவனையைப் பற்றி ஏதாவது சொல்வது. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான ‘யுக்திய’ பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது நாள்தோறும் கைதுகளின் எண்ணிக்கை அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அந்த நடவடிக்கையை இடைநிறுத்துமாறு கோரினார்கள். அந்த மாதங்களின் வரைபடம் செங்குத்தாக ஏறுவது, ஒரே வாரத்தில் பாவனையாளர்கள் பெருகியதால் ஆகாது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. சிகிச்சைக்கு வந்தோரின் எண்ணிக்கைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அது தேவையை அளப்பதைவிட, எட்டக்கூடிய தூரத்தில் நிலையம் இருக்கிறதா என்பதையே பெரிதும் அளக்கிறது. சபை தானே நடத்தி வந்த வதிவிடச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் அமைந்தவை. பொத்துவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ அங்கே போய்ச் சேர ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேருந்து, எவ்வளவு செலவு, எத்தனை நாள் கூலி இழப்பு என்று கணக்கிட்டுப் பார்த்த பின்னர், கிழக்கிலிருந்து சிகிச்சைக்குச் சென்றோரின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதை ‘கிழக்கில் பிரச்சினை குறைவு’ என்று எந்த மாணவரும் எழுதமாட்டார்.

அம்பாறை மாவட்டத்தில் தரவு தேடுவோருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நிர்வாகத்தில் அது ஒரே மாவட்டம். சுகாதாரத்திலோ கல்முனைக்கும் அம்பாறைக்கும் தனித்தனிப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகங்கள் இருக்கின்றன. பொலிஸ் பிரிவுகளின் எல்லைகளும் பிரதேச செயலாளர் பிரிவுகளின் எல்லைகளும் வேறு வேறு. ஆகவே சம்மாந்துறையில் இத்தனை கைது, இத்தனை சிகிச்சை என்று ஓர் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்படும் இரண்டு எண்கள் ஒரே மக்கள்தொகையைக் குறிக்காமல் போகலாம். எந்த எண் எந்த எல்லைக்கு உரியது என்று நிலப்படத்தில் நிறம் தீட்டிக் காட்டுமாறு கேளுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் இதைச் செய்யாத மாணவரின் ஒப்பீட்டு அட்டவணை எதையும் நான் நம்பமாட்டேன்.

பத்திரிகைச் செய்திகளும் நல்ல தரவுதான், வாசிக்கத் தெரிந்தால். ‘ஐஸ் போதைப்பொருளுடன் இளைஞர் கைது’ என்ற தலைப்பின் கீழ் வரும் செய்திகளில் எடை மில்லிகிராமில் இருக்கும். பெரும்பாலும் அது பொதியோடு நிறுத்த எடையாகவோ, கலப்படம் உட்பட்ட எடையாகவோ இருக்கும். சட்டத்தின் கடுமையான பிரிவுகள் தூய அளவைப் பொறுத்தவை. தூய அளவு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் அறிக்கை வந்த பின்னரே தெரியும். அது வரும் வரை சந்தேகநபர் விளக்கமறியலில் இருக்க நேரிடுகிறது. வீரகேசரியிலும் தினகரனிலும் ஓராண்டுக் காலத்தில் வெளியான மட்டக்களப்பு, அம்பாறைச் செய்திகளைத் திரட்டி, திகதி, பொலிஸ் பிரிவு, பொருள், சொல்லப்பட்ட எடை, வயது, அடுத்து என்ன நடந்தது என்ற தலைப்புகளில் குறியிடச் செய்யலாம். கைதானவரின் பெயரைக் குறியீட்டுத் தாளில் எழுதக் கூடாது; பத்திரிகை வெளியிட்டுவிட்டது என்பதற்காக நமது தரவுத்தளமும் அதைச் சேமிக்க வேண்டியதில்லை. கைதுச் செய்தி வந்தவற்றுள் எத்தனை வழக்குகளின் தீர்ப்பு பின்னர் செய்தியாகிறது என்று எண்ணிப் பார்த்தால், ஊடகமும் கொள்கையும் ஒன்றையொன்று எப்படித் தாங்கி நிற்கின்றன என்பது மாணவருக்குப் புரியத் தொடங்கும்.

மறைந்திருக்கும் மக்கள்தொகையை மதிப்பிடும் முறைகளில் இரண்டை மட்டும் கற்பியுங்கள், ஆனால் கையால் கணக்கிடச் செய்து கற்பியுங்கள். முதலாவது இரு பட்டியல் முறை. சிகிச்சைப் பட்டியலில் 120 பேர், நீதிமன்றப் பட்டியலில் 150 பேர், இரண்டிலும் உள்ளவர் 18 பேர் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 120 ஐ 150 ஆல் பெருக்கி 18 ஆல் வகுத்து 1,000 என்று மதிப்பிடப்படுகிறது. இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதவை என்பது இதன் எடுகோள். நமது நாட்டில் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றமே ஆட்களைச் சிகிச்சைக்கு அனுப்புகிறது. ஆகவே இரண்டிலும் இருப்போர் இயல்புக்கு மேல் கூடிவிடுவார்கள். மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாக வரும். சூத்திரத்தைப் பிழையின்றிப் போட்ட மாணவரைவிட, இந்தப் பிழை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கே நான் கூடுதல் புள்ளி கொடுப்பேன். வகுப்பில் கற்பனைப் பட்டியல்களையே பயன்படுத்துங்கள். உண்மைப் பெயர்ப் பட்டியல்களை இளங்கலை மாணவரின் கையில் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது, 1965 இல் ஸ்டான்லி வோர்னர் முன்வைத்த எழுமாற்று விடை முறையிலிருந்து வளர்ந்த ஒன்று. விடையளிப்பவர் தாயக்கட்டை ஒன்றை யாரும் பார்க்காமல் உருட்டுகிறார். 1 விழுந்தால் ‘ஆம்’ என்றும், 6 விழுந்தால் ‘இல்லை’ என்றும் சொல்ல வேண்டும்; 2 முதல் 5 வரை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். தனியொருவரின் ‘ஆம்’ எதையும் காட்டிக்கொடுக்காது. 200 பேரில் 60 பேர் ‘ஆம்’ என்றால், அவர்களில் ஏறத்தாழ 33 பேர் 1 விழுந்ததால் அப்படிச் சொன்னவர்கள்; எஞ்சிய 27 பேர், உண்மை சொல்லவேண்டியிருந்த ஏறத்தாழ 133 பேரில் அடங்குவர்; ஆகவே விகிதம் சுமார் 20 சதவீதம். அடுத்து நம்பிக்கை இடைவெளியைக் கணிக்கச் சொல்லுங்கள்: 200 பேரை வைத்து இந்த முறையால் கிடைக்கும் 95 சதவீத இடைவெளி ஏறத்தாழ 10 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை விரிகிறது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை துல்லியம் என்பதை இந்தக் கணக்கு ஒரு மணி நேரத்தில் காட்டிவிடும். (சில வீடுகளில் தாயக்கட்டை என்றால் சூதாட்டத்தின் நினைவு வரும், ஆறு மடித்த காகிதத் துண்டுகளைப் பையில் போட்டு எடுப்பதும் அதே கணிதம்தான்.)

எந்தத் தலைப்புகளைக் கொடுப்பது? ஐஸிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். மாணவர்களின் ஆர்வம் அங்கேதான் இருக்கும். ஆனால் மதுவும் புகையிலையும் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் போதைப்பொருள்களே. அவற்றின் கொள்கையைப் பகலில், பயமின்றி, பொது ஆவணங்களைக் கொண்டு ஆராயலாம். மதுபானசாலை ஒன்று பாடசாலையிலிருந்தும் வழிபாட்டிடத்திலிருந்தும் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மதுவரி அறிவித்தல்களில் வகுக்கப்பட்டிருக்கிறது. மட்டக்களப்பு நகரிலும் படுவான்கரையிலும் உள்ள உரிமம் பெற்ற இடங்களைக் கைத்தொலைபேசியின் நிலப்படத்தில் குறித்து, அந்தத் தூரங்களை அளந்து, விதியோடு ஒப்பிட்டால், ஒரு மனிதரைக்கூட நேர்காணாமல் ஓர் உறுதியான கொள்கை ஆய்வு கிடைத்துவிடும். 2024 டிசம்பரில் புதிய மதுபான உரிமங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டதால், எப்போது, எங்கே, எந்த வகை உரிமம் என்று கேட்பதற்கும் அடித்தளம் இருக்கிறது. கல்குடாவில் எரிசாராய உற்பத்திச்சாலை அமைக்கப்பட்டதற்கு எதிராக 2017 அளவில் எழுந்த எதிர்ப்பை எடுத்துக்கொண்டு, முதலீடு, சூழல், மது என்று மூன்று வாதங்களும் எந்தெந்த அலுவலகத்தில் எந்தெந்த வடிவம் பெற்றன என்று ஆராய்வதும் நல்ல தலைப்பே. மாவா, பாபுல் போன்ற மெல்லும் புகையிலைக் கலவைகளின் விற்பனை 2016 இலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது; தடைக்குப் பின்னரும் விற்பனை நிகழும் இடங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அதிகாரமும் நேரமும் எவ்வளவு என்று கேட்பது, விற்பவரைக் கேட்பதைவிடப் பயனுள்ளது. சாராயத்தின் வரி ஏறும்போது கசிப்பு பெருகுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் சோதிக்க விரும்பும் மாணவர் விலை மாற்றங்களின் திகதிகளையும் மதுவரித் திணைக்களத்தின் சுற்றிவளைப்பு எண்ணிக்கையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்; ஆனால் மேலே சொன்னதுபோல், சுற்றிவளைப்பு முதலில் அளப்பது அதிகாரிகளின் உழைப்பைத்தான்.

பாவனையாளர்களை நேர்காணலாமா என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலான இளங்கலை மாணவர்களுக்கு, வேண்டாம். மனப்பாங்கு சார்ந்த தயக்கம் இதற்குக் காரணமன்று. அமெரிக்காவில் ஆய்வில் பங்கேற்பவரின் தகவலை நீதிமன்றம் கேட்டாலும் மறுப்பதற்கு இரகசியத்தன்மைச் சான்றிதழ் என்ற சட்ட ஏற்பாடு இருக்கிறது; இங்கே மாணவ ஆய்வாளருக்கு அத்தகைய கவசம் கிடையாது. ‘நீங்கள் சொல்வது இரகசியமாகவே இருக்கும்’ என்று ஒப்புதல் படிவத்தில் எழுதும் மாணவர், தம்மால் காக்க முடியாத ஒரு வாக்கைக் கொடுக்கிறார். அதோடு, நமது ஊர்களின் அளவு சிறியது. ‘நாவலடியில் தோணித் தொழில் செய்யும், மூன்று பிள்ளைகளின் தந்தை, முப்பத்தைந்து வயது’ என்று எழுதினால், பெயரை மாற்றியதால் எந்தப் பயனும் இல்லை. ஆய்வேடு நூலகத்துக்குப் போகும் முன்னரே ஊருக்குத் தெரிந்துவிடும். போர்க்காலத்தையும் அதற்குப் பின்னர் 2019 ஏப்ரலின் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களையும் கண்ட ஊர்களில், பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர் எவரும் ஐயத்தோடுதான் பார்க்கப்படுவார். கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் இங்கே பாதுகாப்பாகத் தோன்றாமல் சான்றாகத் தோன்றும்.

அனுபவமுள்ள மேற்பார்வையாளர் ஒருவர் உடனிருக்க, தகுந்த காரணத்தோடு ஒரு மாணவர் அத்தகைய நேர்காணலைச் செய்தே தீர வேண்டுமென்றால், சில ஒழுங்குகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் எழுத்துமூல அனுமதி தரவு சேகரிப்புக்கு முன்னர் கிடைத்திருக்க வேண்டும். ஒப்புதல் வாய்மொழியாகப் பெறப்பட்டு, அது பெறப்பட்டது என்பதை ஆய்வாளரே குறித்துக்கொள்ள வேண்டும். நேர்காணல் தொடங்கும்போதே, ‘எங்கே வாங்குகிறீர்கள், யார் விற்கிறார்கள் என்று சொல்ல வேண்டாம், இனி நடக்கப்போவது எதையும் சொல்ல வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தெரியாத ஒன்றை எவராலும் வெளியிட முடியாது. ஒலிப்பதிவைத் தவிர்ப்பது நல்லது. பதிவுசெய்தால் எழுத்தாக்கிய உடனே அழிக்க வேண்டும், மாணவரின் சொந்தக் கைத்தொலைபேசியில் அது ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலையும் குற்றம் தொடர்பான தகவலையும் எப்படி வகைப்படுத்துகிறது என்பதை மாணவர் வாசித்திருக்க வேண்டும். உதவி கேட்பவருக்குக் கொடுக்கக் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கமும், தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற இலக்கமும் கையில் இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னர் அந்த இலக்கங்களுக்கு மாணவரே அழைத்து, தமிழில் பேசுவோர் எந்நேரத்தில் கிடைக்கிறார்கள் என்று அறிந்திருக்க வேண்டும்.

மாணவரின் பாதுகாப்பையும் சேர்த்தே எண்ணுங்கள். கசிப்புக் காய்ச்சும் இடங்களுக்கோ விற்பனை இடங்களுக்கோ எவரும் போகக் கூடாது. எந்தப் பொருளையும் தொடவோ, வாங்கவோ, படம் பிடிக்கவோ கூடாது. அது ஆய்வுக்காகவே என்று சொல்வது உடைமைக் குற்றச்சாட்டுக்கு எதிர்வாதமாகாது. களப்பணிக்கு இருவராகவே செல்ல வேண்டும், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். நமது வகுப்புகளில் மாணவிகளே பெரும்பான்மையாக இருப்பதால் பயண ஏற்பாட்டை அவர்களைக் கேட்டே முடிவுசெய்யுங்கள். இன்னொன்றும் உண்டு: தகப்பனின் குடியோடு வளர்ந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், சிலர் அதனாலேயே இந்தத் தலைப்பைத் தெரிவுசெய்திருப்பார்கள். அதை வகுப்பில் சொல்ல வைக்க வேண்டாம். அதே நேரம், களத்திலிருந்து திரும்பும் ஒவ்வொருவரோடும் மேற்பார்வையாளர் தனியே பேசும் நேரமொன்று அட்டவணையில் இருக்கட்டும்.

வெளியிலிருந்து அழைப்பதாயின், பொலிஸ் அதிகாரி ஒருவரையும் மதகுரு ஒருவரையும் அழைத்து விழிப்புணர்வு உரை நிகழ்த்தச் செய்வது நமது வழக்கம். அதை விடுத்து, வேலையின் நடைமுறையைச் சொல்லக்கூடியவர்களை அழையுங்கள்: நீதவான் நீதிமன்றத்தில் நாள்தோறும் தோன்றும் சட்டத்தரணி, போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் பணிபுரியும் வைத்தியர் அல்லது தாதி, பிரதேச செயலகத்தில் மதுபான உரிமக் கோப்புகளைக் கையாளும் உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர். அவர்களிடம் கருத்தைக் கேட்காமல் படிமுறையைக் கேட்க மாணவருக்குச் சொல்லுங்கள்: ஒருவர் 150 மில்லிகிராமோடு பிடிபட்டால் முதல் நாள் என்ன நடக்கும், பத்தாம் நாள் என்ன நடக்கும், எந்தப் படிவம் எங்கே போகும். மீண்டு வந்த ஒருவரை அழைப்பதென்றால், அவர் தம் கதையைச் சொல்லிக் கண்ணீர் வரவழைப்பதற்காக அழைக்காதீர்கள். தாம் கடந்து வந்த அலுவலகங்களையும் காத்திருந்த காலங்களையும் பற்றிச் சொல்லும் கொள்கைச் சாட்சியாக அழையுங்கள், மற்ற விருந்தினருக்கு வழங்கும் அதே கொடுப்பனவையும் வழங்குங்கள்.

புள்ளியிடுதலில் ஆய்வேட்டுக்கு முன்னர் மூன்று சிறு வேலைகளை வைப்பேன்: ஒரு சட்டப்பிரிவின் வரலாற்றைப் பற்றி இரண்டு பக்கம், ஓர் அட்டவணையில் உள்ள எண் எப்படிப் பிறந்தது என்பதைப் பற்றி இரண்டு பக்கம், குறிப்பிட்ட பதவியாளர் ஒருவருக்குத் தமிழில் எழுதிய கொள்கைக் குறிப்பு, அதுவும் இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல். கடைசியானது கடினமானது. போதைப்பொருள் சட்டத்தை மாற்றும் அதிகாரம் பிரதேச செயலாளருக்கு இல்லை. அவரிடம் ‘தண்டனைகள் கடுமையாக்கப்பட வேண்டும்’ என்று எழுதுவது வீண். அவரால் செய்யக்கூடியது என்ன, தற்போதைய ஒதுக்கீட்டுக்குள் அதற்கு எவ்வளவு செலவாகும், செய்தால் யார் எதிர்ப்பார்கள் என்று எழுதத் தெரிந்தவருக்கே முழுப் புள்ளி.

காலக்கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுப்பும் விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். குற்ற விசாரணையைப் பாதிக்கும் தகவலும் தனியாளின் மருத்துவப் பதிவும் மறுக்கப்படக்கூடியவை. தொகுத்த எண்ணிக்கைகளை மறுப்பது அவ்வளவு எளிதன்று. ஆகவே ‘கைதானோரின் விவரங்கள்’ என்று கேட்காமல், ‘இன்ன ஆண்டில், இன்ன பொலிஸ் பிரிவில், ஒவ்வொரு பொருளுக்கும் எடை வகுப்பின்படி கைதானோரின் எண்ணிக்கை’ என்று கேட்கப் பழக்குங்கள். விண்ணப்பங்கள் முதல் வாரமே, தமிழிலேயே, பதிவுத்தபாலில் போக வேண்டும். மேன்முறையீட்டுக்குப் போகிறவை அரையாண்டுக்குள் முடியாது. அந்தக் கோப்புகளைத் துறையின் அலுமாரியில் வைத்து, பதில் வந்ததும் அடுத்த அணி மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.